கல்லில் காரணம் எழுதவில்லை

மலர்க் குழு நண்பர் போன் செய்தபோது, "அயர்லாந்துல ரெண்டு வருஷம் இருந்தீங்களே, அதைப் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார். கூடவே ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: "பயணக் கட்டுரை மட்டும் வேண்டாம். போன மலர்லயே சிங்கப்பூர், நயாகரா, பாரீஸ் மூணும் வந்துடுச்சு."

சரி, பயணக் கட்டுரை இல்லை. அங்கே நான் பார்த்த சில கற்களைப் பற்றி எழுதுகிறேன். பழைய தேவாலய வளாகங்களில் மழையில் நனைந்துகொண்டு நிற்கும் கற்கள். கோடு கிழித்த கல், ஓட்டை போட்ட கல், குழி வெட்டிய கல், முகம் செதுக்கிய கல். சிலவற்றின் பயன் தெரிந்துவிட்டது. பலவற்றை எதற்குச் செய்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் வரலாறு படித்தவன் அல்ல. நம் கல்லூரியில் நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்துவிட்டு, அன்றிலிருந்து பம்புகளோடும் குழாய்களோடும் காலம் தள்ளுகிறவன். வரலாற்றுப் பேராசிரியர்கள் இதில் குறை கண்டால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு பொருளைப் பார்த்து "இதை எப்படிச் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள்" என்று கேட்பது நம் தொழில். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கல்லூரித் தாழ்வாரத்தில் 28 கற்கள்

வேலை நிமித்தமாக நான் தங்கியிருந்தது அயர்லாந்தின் தெற்கே உள்ள கார்க் நகரம். அங்கே 1849-ல் வகுப்புகள் தொடங்கிய ஒரு கல்லூரி இருக்கிறது. அன்று 'குயின்ஸ் காலேஜ்'. இன்று 'யூனிவர்சிட்டி காலேஜ் கார்க்'. அதன் முதல் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் பூல். பூலியன் அல்ஜீப்ரா என்று நம்மில் பலருடைய தூக்கத்தைக் கெடுத்தாரே, அவரேதான். 1864-ல் இறக்கும் வரை அங்கேதான் பாடம் நடத்தினார். அவர் இருந்த இடத்தைப் பார்க்கலாமே என்று ஒரு சனிக்கிழமை போனேன்.

போனது பூலுக்காக, கண்ணில் பட்டது வேறு. பழைய கட்டடத்தின் ஒரு தாழ்வாரத்தில் சுவரோரமாக வரிசையாக 28 கற்கள் நிற்கின்றன. மாணவர்கள் கையில் காபி கோப்பையோடு அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். கற்களில் படம் இல்லை, பூ வேலைப்பாடு இல்லை. கல்லின் விளிம்பில் மட்டும் வரிசையாக வெட்டுகள், ஏதோ அரிவாளைத் தீட்டிப் பார்த்தது போல. அதுதான் 'ஓகம்' என்ற எழுத்து. ஐரிஷ் மொழியின் மிகப் பழைய வடிவம் அதில்தான் கிடைத்திருக்கிறது. பெரும்பாலான கற்கள் 5, 6-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அயர்லாந்திலும் பிரிட்டனின் மேற்குப் பகுதியிலுமாக ஏறக்குறைய 400 கற்கள் தெரியவந்துள்ளன.

எழுத்தின் அமைப்பு நம் ஆட்களுக்கு உடனே பிடிக்கும். மொத்தம் 20 எழுத்துகள், ஐந்து ஐந்தாக நான்கு குழு. கல்லின் விளிம்புதான் ஆதாரக் கோடு. ஒரு குழுவுக்கு அந்தக் கோட்டின் ஒரு பக்கம் மட்டும் கீறல், அடுத்ததற்கு மறுபக்கம், மூன்றாவதற்கு இரு பக்கமும் குறுக்காகச் சாய்ந்த கீறல், உயிர் எழுத்துகளுக்கு விளிம்பிலேயே சிறு வெட்டு. ஒன்றிலிருந்து ஐந்து வரை எத்தனை கீறலோ அதை வைத்து எழுத்து. பெரும்பாலும் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். உளியும் சுத்தியும் வைத்திருக்கும் மனிதனுக்கு இதைவிடச் சிக்கனமான எழுத்து முறை அமைவது கடினம். வளைவு கிடையாது, எல்லாம் நேர்க்கோடு.

இதைப் படிக்கும் வழி மத்தியகால ஐரிஷ் சுவடிகளில் இருந்தது. 1390 வாக்கில் எழுதப்பட்ட 'பாலிமோட் புத்தகம்' அவற்றில் ஒன்று. ஆனால் கல்லில் உள்ளதற்கும் அந்த விளக்கத்துக்கும் இடையே பல நூறு ஆண்டு இடைவெளி. நம்பலாமா? 1840-களில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த சார்லஸ் கிரேவ்ஸ் இதைக் கையில் எடுத்தார். எந்தெந்தக் குறிகள் எத்தனை முறை வருகின்றன, எதை அடுத்து எது வருகிறது என்று எண்ணிக் கணக்குப் போட்டார். கல்லுக்குக் கல் ஒரே நான்கு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. அதன் ஒலி 'மக்வி', பொருள் 'மகனுடைய'. இன்றைய ஐரிஷ் பெயர்களில் வரும் 'மேக்' அதன் வாரிசு. வேல்ஸ் நாட்டில் செயின்ட் டாக்மேல்ஸ் என்ற ஊரில் ஒரே கல்லில் ஓகமும் லத்தீனும் சேர்ந்திருந்தன. ஓகத்தில் 'மக்வி' வரும் இடத்தில் லத்தீனில் 'மகனுடைய' என்ற சொல். சந்தேகம் தீர்ந்தது. இதில் வேடிக்கை, அந்தக் கல் அதற்கு முன் ஓர் ஓடையைக் கடக்கும் பாலமாகக் கிடந்தது.

ஆக, எழுத்தைப் படித்துவிட்டார்கள். எழுதியிருப்பது என்ன? 'இன்னாரின் மகன் இன்னார்'. அவ்வளவுதான். சில கற்களில் குலப்பெயரும் உண்டு. ஏன் நட்டார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. கல்லறை அடையாளமாக இருக்கலாம். பழைய ஐரிஷ் சட்ட நூல்களில் ஓகம் கல்லை நில உரிமைக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். ஆகவே எல்லைக்கல்லாகவும் இருக்கலாம். இரண்டுமாகவும் இருந்திருக்கலாம்.

அந்தக் கல்லூரியைப் பற்றி இன்னொரு தகவல். வாயில் வளைவின் அடியில் தரையில் பதித்திருக்கும் கல்லூரிச் சின்னத்தின் மேல் கால் வைத்தால் பரீட்சையில் பெயில் என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. ஒதுங்கிப் போவார்கள். நம் கல்லூரியில் பரீட்சை ஹாலுக்கு எந்தப் படிக்கட்டு வழியாகப் போகக் கூடாது என்று நாம் வைத்திருந்த சட்டம் நினைவிருக்கிறதா? கல் ஒன்று இருந்தால் போதும், நம்பிக்கை தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே வளாகம், பல புதிர்கள்

கார்க்கிலிருந்து மேற்கே காரில் போனால் டிங்கிள் என்ற தீபகற்பம். அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிய விரல் மாதிரி இருக்கும். அங்கே கில்மால்கெடர் என்ற இடத்தில் கூரையில்லாத ஒரு தேவாலயம் நிற்கிறது. கட்டடம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் அந்த இடம் அதைவிட மிகப் பழையது. கி.பி. 636-ல் இறந்த மால்கெடர் என்ற துறவியின் பெயரால் வழங்குகிறது.

ஒரு சின்னப் பின்னணி சொல்ல வேண்டும். ரோமானியப் பேரரசு அயர்லாந்தை ஆண்டதில்லை. அதனால் ரோமானிய நகரங்களோ நெடுஞ்சாலைகளோ அங்கே கிடையாது. கிறிஸ்தவம் 5-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. 431-ல் பல்லாடியஸ் என்பவரை ஐரிஷ் கிறிஸ்தவர்களுக்கு ஆயராகப் போப் அனுப்பினார். அடுத்த சில நூற்றாண்டுகளில் துறவி மடங்கள்தான் அந்நாட்டின் பள்ளிக்கூடம், பட்டறை, சந்தை எல்லாம். ஆகவே மடத்து வளாகத்தில் கிடக்கும் ஒரு கல் சாமி கும்பிடத்தான் என்று முடிவு கட்ட முடியாது. அடுக்களைச் சாமானாகவும் இருக்கலாம்.

கில்மால்கெடரில் முதலில் ஒரு சூரியக் கடிகாரம். தண்டின் மேல் அரைவட்டம் வைத்தது போல ஒரே கல்லில் செதுக்கியது. அரைவட்டத்தில் கோடுகள், நிழல் விழுவதற்காகக் குச்சி செருகும் துளை. குச்சி போய்விட்டது. இது காட்டுவது நம் கடிகார மணியை அல்ல, துறவிகளின் ஜெப வேளைகளை. இதில் புதிர் இல்லை. கருவியின் உருவமே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது.

தேவாலயத்துக்குள் இன்னொரு கல். அதில் லத்தீன் அகரவரிசை. எதற்கு? சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பலகை என்பது ஒரு விளக்கம். மத்தியகாலத்தில் புதிய தேவாலயத்தை அர்ப்பணம் செய்யும்போது ஆயர் தரையில் அகரவரிசையை எழுதும் சடங்கு இருந்தது. அதனோடு தொடர்புடையது என்பது மற்றொரு விளக்கம். ஒன்று பள்ளிக்கூடம், ஒன்று சடங்கு. இரண்டுமே பொருந்துகின்றன. இரண்டில் எது என்று கல்லை எத்தனை முறை அளந்தாலும் தெரியப் போவதில்லை.

வெளியே கல்லறைகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஓர் ஓகம் கல். புரோகான் மகன் மால் இன்பிர் என்பவரின் பெயர் அதில் இருக்கிறது. கல்லின் உச்சியை ஒட்டி ஒரு துளை; இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தெரியும்படி போட்டது. ஊர் வழக்கப்படி, உடன்படிக்கை செய்யும் இருவர் துளையின் இரு பக்கத்திலிருந்தும் விரலை நுழைத்துத் தொட்டுக்கொண்டால் அந்தப் பேச்சை மீறக் கூடாது. அழகான வழக்கம். ஆனால் துளை போட்டவர் இதற்காகத்தான் போட்டாரா? எழுத்து முதலில் வந்ததா, துளை முதலில் வந்ததா? ஏற்கெனவே இருந்த துளைக்குப் பின்னால் வந்தவர்கள் ஒரு வேலை கண்டுபிடித்துக் கொடுத்தார்களா?

நானும் விரலை நுழைத்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. ஆனால் எனக்கு இன்னொரு துளை ஞாபகம் வந்துவிட்டது.

நான் அடைத்த ஓட்டை

படித்து முடித்து இரண்டாவது வருடம். ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். பம்ப் அறைத் தரைக்குக் கீழே கேபிள் போகும் கால்வாய். அதன் பக்கச் சுவரில், அடித்தளத்தை ஒட்டி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. டிராயிங்கில் அது இல்லை. அதன் வழியாக எலி வந்து கேபிளைக் கடிக்கிறது என்று புகார். டிராயிங்கைப் பிரித்துப் பார்த்தேன், கீழே மூன்று கையெழுத்தும் இருந்தது, ஓட்டை மட்டும் இல்லை. "கட்டும்போது விட்டுப்போன ஓட்டை, சிமெண்ட் வச்சு அடைச்சிடுங்க" என்று சொன்னேன். அரை மணி நேர வேலை. சுறுசுறுப்பான பையன் என்று பெயர் கூட வாங்கினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரே இரவில் கால்வாய் நிரம்பி, தண்ணீர் பேனல் அடி வரை ஏறிவிட்டது. இரண்டு மோட்டார்கள் போயின. ஒன்றரை நாள் உற்பத்தி நின்றது. யாருக்கும் உயிராபத்து இல்லை என்பது நான் செய்த புண்ணியம்.

ஓய்வு பெற்றிருந்த ஃபிட்டர் ஒருவரை வீடு தேடிப் போய்க் கேட்டேன். "அது தண்ணி போறதுக்கு நாங்க போட்டது தம்பி. வெளியில சின்னக் குழாய் ஒண்ணு இருக்கும், மண்ணு மூடியிருக்கும்" என்றார்.

"ஏண்ணே, டிராயிங்ல ஏன் குறிக்கலை?"

"எங்கிட்ட யாரு கேட்டா? நான் அங்க இருந்த வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்."

'தெரியும்' என்பது எழுதி வைத்தது ஆகாது என்று அன்று கற்றுக்கொண்டேன். தெரிந்தவர் ஓய்வு பெற்றால் அதுவும் கூடவே ஓய்வு பெற்றுவிடும். என் விஷயத்தில் தெரிந்தவர் பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்தார். கில்மால்கெடர் துளையைப் பற்றிக் கேட்க ஆள் போய் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதன்பிறகு எந்தக் கல்லைப் பார்த்தாலும் நான் அவசரப்பட்டு முடிவு சொல்வதில்லை.

குழிக்கல்

அயர்லாந்தின் பழைய தேவாலய இடங்களில் சகஜமாகக் கிடைப்பது 'புல்லான்' என்ற குழிக்கல். பெரிய பாறாங்கல்லில் கிண்ணம் போல வழவழப்பாகக் குடைந்த குழி. சில கற்களில் ஒன்று, சிலவற்றில் பல. பார்த்தவுடன் உரல் என்றுதான் நமக்குத் தோன்றும். டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மலைப் பகுதியில் கிளெண்டலாக் என்ற பெயர்பெற்ற மடம் உண்டு. 'இரண்டு ஏரிப் பள்ளத்தாக்கு' என்று பொருள். அங்கே மட்டும் இப்படிப் பல குழிக்கற்கள் கிடக்கின்றன, கெட்டியான கிரானைட்டில் குடைந்தவை.

அவற்றில் ஒன்றின் பெயர் மான் கல். மடத்தை நிறுவிய துறவி கெவினிடம் தாயில்லாக் குழந்தைக்குப் பால் வேண்டும் என்று வந்தார்களாம். அவர் பிரார்த்தனை செய்ய, ஒரு பெண் மான் தினமும் வந்து அந்தக் குழியில் பாலைச் சொரிந்துவிட்டுப் போனதாம். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் கதைக்கு முன்பே குழி இருந்திருக்க வேண்டும் அல்லவா? அதை யார் குடைந்தார்கள்?

விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

தானியம் இடிக்க என்பது முதல் விளக்கம். இதில் எனக்கு ஒரு நெருடல். அந்தக் காலத்தில் அயர்லாந்தில் கையால் சுற்றும் திருகைகள் உண்டு. நீர் ஆலைகளும் இருந்தன. வடக்கே நெண்ட்ரம் என்ற மடத்தில் கடல் ஏற்றவற்றத்தை அணைகட்டித் தேக்கி ஆலை ஓட்டியிருக்கிறார்கள். அங்கே கிடைத்த மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அது 619-ஆம் ஆண்டு என்று தெரிந்தது. கடலைக் கொண்டு மாவரைத்தவர்கள் எதற்குப் பாறைக் குழியில் உட்கார்ந்து இடிக்க வேண்டும்? ஆனால் எல்லா மடமும் நெண்ட்ரம் இல்லை. வீட்டில் மிக்ஸி இருக்கும்போதே அம்மிக்கும் வேலை இருக்கத்தான் செய்கிறது. ஆகவே தள்ளிவிடவும் முடியவில்லை.

இரண்டாவது, மூலிகையோ சாயமோ அரைக்க. நடக்கக்கூடியது. மூன்றாவது, உலோகத் தாது நொறுக்க. விக்லோ மலைகளில் தாது உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கிளெண்டலாக்கிலேயே ஈயச் சுரங்கம் நடந்தது. அதனால் இதுவும் அந்த இடத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் தாதுவே இல்லாத ஊர்களிலும் குழிக்கல் இருக்கிறதே? நான்காவது, தீர்த்தத் தொட்டி. ஐந்தாவது, கிறிஸ்தவத்துக்கு முந்தைய கல்லை மடத்துக்காரர்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள் என்பது.

ஒன்று மட்டும் நிச்சயம். பிற்காலத்தில் மக்கள் இந்தக் குழியில் தேங்கும் மழைநீரை மருந்தாக நினைத்தார்கள். முக்கியமாக மருவுக்கு. இன்றும் சில குழிகளில் நாணயம் போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

எனக்குத் தோன்றுவது இது. எல்லாக் குழிக்கும் ஒரே காரணம் தேடுவதுதான் தவறோ? கிண்ணம் என்பது ஒரு வடிவம். அதில் எதையும் வைக்கலாம். அரைக்கக் குடைந்த குழி, அரைப்பது நின்றபின் தீர்த்தத் தொட்டி ஆகியிருக்கலாம். நம் பழைய ஒர்க்‌ஷாப் லேத் மெஷின் இன்று நுழைவாயிலில் பெயிண்ட் அடித்துக் காட்சிக்கு நிற்கவில்லையா? நூறு வருடம் கழித்து வருகிறவர், கல்லூரியின் குலதெய்வம் என்று எழுதி வைத்தாலும் வைப்பார்.

சபிக்கும் கற்கள்

கவான் மாவட்டத்தில் பிளாக்லயன் ஊருக்குப் பக்கத்தில் கில்லினா என்ற இடத்தில் பிரிஜித் பெயரால் ஒரு பாறை உண்டு. அதில் பல குழிகள். குழிகளில் முட்டை உட்கார்ந்தது போல உருண்டைக் கற்கள். ஒருவரைச் சபிக்க வேண்டுமானால் அந்த உருண்டைகளை இடப்புறமாகத் திருப்பிக்கொண்டே சபிப்பார்களாம். ஐரிஷ் யாத்திரைகளில் புனித இடத்தைச் சூரியன் போகும் திசையில் வலம் வருவதுதான் முறை. அதற்கு எதிர்த்திசை சாபத்துக்கு.

இதைவிடப் பெயர்போனது ஸ்லைகோ கடற்கரைக்கு அப்பால் உள்ள இனிஷ்மரி தீவு. மொலாஷ் என்ற துறவி 6-ஆம் நூற்றாண்டில் மடம் அமைத்த இடம் என்பது மரபு. கல் மதிலுக்குள் சின்னச் சின்னத் தேவாலயங்கள். மேடை போல அடுக்கிய கற்பீடங்கள். ஒரு பீடத்தின் மேல் நிறைய உருண்டைக் கற்கள். சிலவற்றில் அழகான சிலுவைகள் செதுக்கியிருக்கின்றன. 'புள்ளிக் கற்கள்' என்று பெயர். எத்தனை முறை எண்ணினாலும் ஒரே எண்ணிக்கை வராது என்று தீவுக்காரர்கள் சொல்வார்கள். அவற்றைத் திருப்பிச் சபித்தால் பலிக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: சாபத்தில் நியாயம் இல்லாவிட்டால் அது சபித்தவர் மேலேயே திரும்பும்.

முதலில் கேட்டபோது சிரித்தேன். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. கடலுக்கு நடுவில் ஒரு தீவு. போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, குளிர்காலத்தில் படகும் போகாது. ஏமாற்றப்பட்ட ஓர் ஏழைக்கு வேறு எங்கே முறையீடு? பொய் வழக்குப் போட்டால் தண்டனை உனக்குத்தான் என்ற சட்டமும் அதிலேயே இருக்கிறது.

ஆனால் சிலுவை செதுக்கிய துறவி சபிப்பதற்கா செதுக்கினார்? 1997 முதல் 2000 வரை தொல்லியலாளர்கள் ஜெர்ரி ஓசல்லிவனும் டோமாஸ் ஓ கராகைனும் தீவில் அகழாய்வு செய்து 2008-ல் நூலாக வெளியிட்டார்கள். துறவிகள், யாத்ரீகர்கள் வந்து சுற்றிப் பிரார்த்தித்த இடமாகத்தான் அந்தத் தீவு முழுவதும் விளங்குகிறது. உருண்டைக் கற்களும் முதலில் பிரார்த்தனைக்கே பயன்பட்டிருக்கலாம். பிரார்த்தனைக் கல் சாபக்கல்லாக மாறியது எப்போது? 1948-ல் கடைசிக் குடும்பங்களும் கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. கற்கள் அங்கேயே இருக்கின்றன.

சுவருக்குள் எட்டுப் பேர்

கடைசியாக, என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம். வட அயர்லாந்தில் ஃபெர்மனா மாவட்டத்தில் எர்ன் என்ற பெரிய ஏரி. அதில் ஒயிட் ஐலண்ட் என்ற சிறு தீவு. கோடையில் படகு போகும். அங்கே 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் இடிபாடு. உள்ளே வடக்குச் சுவரில் எட்டுக் கற்சிலைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்று கன்னம் உப்பச் சிரிக்கிறது. ஒன்று மடியில் எதையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, புத்தகம் என்கிறார்கள். ஒன்று மணியும் கோலும் பிடித்த மடாதிபதி. ஒன்று வாயருகே கையை வைத்திருக்கிறது. சங்கீதம் பாடிய தாவீது அரசர் என்பது யூகம். சுருள்முடிக்காரர் ஒருவர் இரண்டு விசித்திர மிருகங்களைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். ஒருவரிடம் வாளும் கேடயமும். ஒன்று பாதியில் விட்ட சிலை. எட்டாவது வெறும் முகம், அதுவும் சிடுசிடுவென்று.

இவை 9 அல்லது 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது கட்டடத்தைவிட மூத்தவை. 1840-க்கும் 1958-க்கும் இடையில் ஒவ்வொன்றாகக் கண்டெடுக்கப்பட்டன. எங்கிருந்து? பெரும்பாலும் அந்தத் தேவாலயத்தின் சுவர்களிலிருந்தே. 12-ஆம் நூற்றாண்டுக் கொத்தனார் இவற்றைச் சாதாரணக் கட்டுமானக் கல்லாக வைத்துக் கட்டிவிட்டார்! அவரைத் திட்டத் தோன்றும். ஆனால் அவர் அப்படி உள்ளே வைத்துப் பூசியதால்தான் 700 வருட மழைக்கு அவை தப்பின.

சிலைகளைக் கும்பிட வைத்தார்களா? பழைய தெய்வங்களா? இப்படியெல்லாம் பலர் எழுதினார்கள். ஆனால் தலைகளைக் கவனித்தவர்கள் ஒன்றைப் பார்த்தார்கள். உச்சந்தலையில் பொருத்துக்குழி வெட்டியிருக்கிறது. உயரத்தை அளந்தால் சிலைகள் ஜோடி ஜோடியாக ஒத்துப்போகின்றன. தலைமேல் எதையோ தாங்கியிருக்கின்றன! படிப்படியாக உயரும் ஒரு பிரசங்க மேடையின் தாங்குதூண்களாக இருக்கலாம் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் கருத்து.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நூறு வருடம் எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிலுக்கான தடயம் தலைமேல் இருந்தது, ஒரு மார்டைஸ் குழியாக. கார்பெண்டரி ஷாப்பில் முதல் வருடம் நம்மை வெட்டச் சொன்னார்களே, அதே சமாச்சாரம்!

ஆனால் என் பம்ப் அறை ஓட்டை உடனே என்னைத் தட்டி உட்கார வைத்துவிட்டது. மேல் கல் எதுவும் கிடைக்கவில்லை. பாதியில் விட்ட சிலைக்கு என்ன கணக்கு? அந்தச் சிடுசிடு முகம் எங்கே பொருந்தும்? 'இருக்கலாம்' என்பதை 'இருந்தது' என்று மாற்றும் உரிமை எனக்கு இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

ஓகம் கற்களைப் படித்து வெளியிடுகிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எழுத்து தெளிவாக இருந்தால் அப்படியே எழுதுவார்கள். சிதைந்திருந்து யூகமாகப் படித்தால் அந்த எழுத்துக்குத் தனி அடையாளம் போடுவார்கள். அடுத்து வருகிறவருக்கு எது உறுதி, எது யூகம் என்று தெரியும். டப்ளின் உயர் ஆய்வு நிறுவனம் 2012 முதல் இந்தக் கற்களை முப்பரிமாண ஸ்கேனரில் பதிவு செய்து எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. வருடா வருடம் மழை ஒரு கீறலைத் தின்கிறது. பயணிகள் போட்டோவுக்காகச் சாக்பீஸ் தேய்ப்பதும் சேர்ந்துகொள்கிறது. கல் போனாலும் பதிவு நிற்கும்.

இப்போது கல்லூரியில் படிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன். டிராயிங் ஹாலில் தாளின் வலது கீழ்மூலையில் கட்டம் போடச் சொல்வார்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர், தேதி. யோசித்தால் இதுவும் ஓகம் கல்தான். யார் என்று இருக்கிறது. ஏன் என்று இல்லை. அளவு இருக்கும், பொருள் இருக்கும். இந்த ஓட்டை எதற்கு என்று எழுத இடம் இருக்காது. நீங்கள் இடம் உண்டாக்குங்கள். 'மழைநீர் வடிய, அடைக்க வேண்டாம்' என்று நான்கு வார்த்தை எழுத எத்தனை விநாடி ஆகும்? எழுதியிருந்தால் எனக்கு இரண்டு மோட்டார் மிச்சம். காரணம் தெரியாத ஓட்டையைப் பார்த்தால் 'காரணம் தெரியவில்லை, விசாரிக்கவும்' என்று எழுதுங்கள். அப்படி எழுதுவதில் வெட்கமில்லை. அடைத்துவிட்டு விழிப்பதில்தான் வெட்கம், நான் பட்டிருக்கிறேன்.

மூத்தவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் கல்லூரியில் பழைய ஒர்க்‌ஷாப் பின்சுவரில் மூடிய ஜன்னல் ஒன்று இருக்கிறது. விடுதி முற்றத்தில் எதையோ தாங்கிய நான்கு போல்ட்டுகளோடு ஒரு சிமெண்ட் மேடை இருக்கிறது. நான் படித்த காலத்திலேயே யாருக்கும் காரணம் தெரியாது. இந்த மலரைப் படிக்கிற முதல் செட்டுகளில் யாருக்காவது தெரிந்திருக்கும். இந்தச் சந்திப்புக்கு வரும்போது சொல்லுங்கள். நான் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறேன்.